யாழ்ப்பாணம் போக பிளக்-இன் ஹைபிரிட்டா, முழு மின்சாரக் காரா?

பிளக்-இன் ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினும், பிளக்கில் சார்ஜ் பண்ணும் பற்றரியும் சேர்ந்த கார். கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம் வழியே யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 60 யூனிற் (கிலோவாட் மணி) பற்றரியுள்ள மின்சாரக் கார், ஏசியோடு மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் 100 கிலோமீற்றருக்கு 16 யூனிற் அளவில் இழுக்கும். முழுச் சார்ஜில் புறப்பட்டால் பாதி வழியான அநுராதபுரத்தில் 45 வீதமளவு மிஞ்சும். அங்கே 50 கிலோவாட் வேகச் சார்ஜ் மெஷினில் அரை மணித்தியாலம் போட்டால் யாழ்ப்பாணம் வரை போதும். 80 வீதத்துக்கு மேல் சார்ஜ் மெதுவாகும். நின்று காத்திருக்க வேண்டாம்.

சிக்கல் மெஷினில்தான். முதல்நாளே போன் பண்ணி வேலைசெய்கிறதா, உங்கள் பிளக் பொருந்துமா என்று கேளுங்கள். ஜப்பானின் நிசான் லீஃபுக்கு சாடெமோ பிளக், புதிய கார்களுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ்2 பிளக். மெஷின் பழுதென்றால் வவுனியா போக 10 யூனிற் கையிருப்பு வேண்டும். 24 யூனிற் பழைய லீஃபில் இந்தப் பயணம் வேண்டாம்: பற்றரியைக் குளிர்விக்கும் அமைப்பு இல்லை, அடுத்தடுத்த வேகச் சார்ஜில் சூடேறி வேகம் குறையும்.

சொந்தக்காரர் வீட்டு 13 அம்பியர் பிளக்கில் 10 அம்பியருக்கு மேல் வைக்காதீர்கள். இரவு 10 மணித்தியாலத்தில் 23 யூனிற் இழுக்கும், பற்றரியில் ஏறுவது அதைவிடச் சற்றுக் குறைவு. சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் உருகும்.

12 யூனிற் மிட்சுபிஷி அவுட்லாண்டர் போன்ற பிளக்-இன் ஹைபிரிட்டின் பற்றரியில் 40 கிலோமீற்றர் கூடச் சந்தேகம், மிச்சமெல்லாம் பெற்றோல். நெடுஞ்சாலையில் பற்றரியைச் சேமித்து வைக்கும் 'சேவ்' பட்டனை அழுத்தி, பற்றரியை ஊருக்குள் ஓட வையுங்கள். 'சார்ஜ்' பட்டன் எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியை ஏற்றும், அதனால் பெற்றோலைத்தான் குடிக்கும். வன்னி உட்கிராமங்களுக்கு அடிக்கடி போகிறவருக்கு மட்டும் இதுவே சரி.

பல மின்சாரக் கார்களில் ஸ்பெயர் ரயர் இராது. பங்சர் கிட்டும் காற்றுப் பம்பும் டிக்கியில் இருக்கட்டும்.