லினக்ஸில் காணாமல் போன ஃபைலைத் தேட

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு ஸ்கேன் செய்த அடங்கல் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது? மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் லினக்ஸ் பழகுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னல் திறக்கும். அதில் அடியுங்கள் (ஃபைண்ட் என்பதை find என்றும், ஐநேம் என்பதை iname என்றும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்):

ஃபைண்ட் ~ -ஐநேம் '*அடங்கல்*'

~ என்பது உங்கள் ஹோம் ஃபோல்டர். பென் டிரைவ் இதில் சேராது. தமிழ்ப் பெயரையும் தேடும். மேற்கோள் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால், டெர்மினல் நிற்கிற ஃபோல்டரில் பொருந்தும் ஃபைல் ஒன்று இருந்தாலே நட்சத்திரக் குறி அந்தப் பெயராக மாறிவிடும். வேறு பெயரில் உள்ளவை சிக்காது. இரண்டு இருந்தால் பிழைச் செய்திதான் வரும்.

பெயரே மறந்துவிட்டதா? ஐநேம் பகுதியை எடுத்துவிட்டு -எம்டைம் -7 (ஆங்கிலத்தில் -mtime -7) போடுங்கள், கடந்த 7 நாளில் மாறியவை வரும். லொகேட் (locate) என்ற இன்னொரு தேடல் கட்டளை இதைவிட வேகம். ஆனால் அதன் பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், இன்று சேமித்தது அதில் தெரியாமல் போகலாம்.