லோடு வண்டியில் பவர் ஸ்டியரிங் வந்து வந்து போகுதா? பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

காலையில் நாகர்கோவிலில் இருந்து கிளம்பும்போது ஒரு விரலில் திரும்புற ஸ்டியரிங், மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை நெரிசலில் ஊர்ந்து போகும்போது திடீர்னு இறுகிடும். ரெண்டு கையும் போட்டு இழுக்கணும். ஓரம் கட்டி ஒரு சாயா குடிச்சிட்டு வந்தா பழையபடி திரும்பும். பட்டறையில் கொண்டு நிறுத்தினா அங்கேயும் நல்லாத்தான் இருக்கும். "ஒரு கொறையும் தெரியலியே அண்ணே"ன்னு மெக்கானிக் கையைத் துடைச்சிக்கிட்டுப் போயிடுவார்.

எங்க வண்டி பழைய 10 சக்கர டிப்பர். பெல்ட்டில் ஓடுற ஸ்டியரிங் பம்பு. ஒருத்தர் பம்பை மாத்தச் சொன்னார், இன்னொருத்தர் ஸ்டியரிங் பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும்னார். கடைசியில் கோளாறு இருந்தது டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு முழம் ஓஸில். பம்பு விலையையும் அந்த ஓஸ் விலையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, இந்த வரிசையை ஏன் எழுதுறேன்னு புரியும்.

ஆயில் போற வழி தெரியாம எதையும் தொடாதீங்க. டேங்கில் இருந்து தடியான ஓஸ் வழியா பம்புக்கு, பம்பில் இருந்து பிரஷர் லைன் வழியா ஸ்டியரிங் பாக்ஸுக்கு, அங்கிருந்து திரும்ப டேங்குக்கு. அந்த முதல் ஓஸைத்தான் கீழே சக்‌ஷன் ஓஸ்னு சொல்றேன். ஆயில் உதவி நின்னாலும் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அப்படியே இருக்கும், வண்டி திரும்பும், பலம்தான் வேணும். ஆனா லோடோட வளைவில் அது நடந்தா பலம் போட நேரம் கிடைக்காது. அதனால கோளாறு கண்டுபிடிக்கிற வரைக்கும் குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி வளைவு ரோட்டுக்கு லோடு எடுக்காதீங்க.

முதல் வேலை: எப்போ இறுகுதுன்னு கவனிங்க

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. பாதி வேலை அங்கேயே முடியும்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினா பம்பு மேல சந்தேகம் வேண்டாம். பம்பு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆயிலைத்தான் கொடுக்குது. பாக்ஸ் உள்ளே சீலோ வால்வோ பார்க்கணும். ஸ்டியரிங் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஒரு இடத்துல இறுகி, அடுத்து இளகி, மறுபடி இறுகினா அது ஸ்டியரிங் தண்டுக்கு (காலம்) அடியில இருக்கிற கிராஸ், அதாவது மடங்கித் திரும்புற மூட்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் காத்துல நிக்கிற வண்டிகளில் இந்தக் கிராஸ் துருப்பிடிச்சுப் போறது சாதாரணம். மழையில மட்டும் இறுகி, கூடவே கிறீச் சத்தமும் வந்தா பெல்ட். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் கொட்டுறதால இந்தப் புகார் கூடுதலாகவே வரும்.

சூடானப்புறம் ரெண்டு பக்கமும் இறுகுதா? அப்போ நிறுத்தின இடத்துலயே ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிச்சு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்க. ஆர்.பி.எம். ஏறினதும் இளகினா பம்பு தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். சூட்டுல ஆயில் நீர்த்து உள்ளுக்குள்ளேயே கசியும், ஐடிலிங்ல போதுமான ஓட்டம் வராது. ஆர்.பி.எம். ஏற ஏற இன்னும் மோசமாகி, பம்பு ஊளையிட்டா, பம்புக்கு ஆயில் போய்ச் சேரலைன்னு அர்த்தம். அடுத்தது எதைக் கழட்டணும்ங்கிறதை இந்த ஒரு சோதனைதான் சொல்லும்.

ஜாக்கி

பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது. டிராக் லிங்கை (ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) கழட்டிட்டு சக்கரத்தைக் கையால் தள்ளிப் பாருங்க. இறுக்கமா இருந்தா கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்புற அச்சு ஆணி) கிரீஸ் போயே நாளாச்சுன்னு அர்த்தம், ஆயில் பக்கம் போக வேண்டாம். திருப்பின ஸ்டியரிங் தானா நேருக்கு வராத வண்டிக்கும் முதல்ல இதைத்தான் பார்க்கணும். டயர் காத்தையும் பாருங்க, அதை விளக்க ஒண்ணும் இல்லை.

ஆயிலும் பெல்ட்டும்

டேங்க் மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி சுத்தி துடைங்க. கல்குவாரி வண்டின்னா ரெண்டு தடவை துடைங்க. என்ன ஆயில்னு மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும், நிறைய வண்டிகளுக்கு சிவப்பு நிற ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துற ஆயில்). அவசரத்துக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்தாதீங்க, ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுடும்.

ஆயில் நுரைச்சிருந்தா காத்து உள்ளே போகுது. நுரை கண்ணுக்குத் தெரியலைன்னா ஒரு வழி இருக்கு. இன்ஜின் ஓடும்போது டேங்கில் ஆயில் மட்டத்தைக் குறிச்சுக்கோங்க. இன்ஜினை நிறுத்துங்க. மட்டம் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல ஏறினா லைனில் காத்து நிக்குது. அழுத்தத்துல சுருங்கியிருந்த காத்து விரிஞ்சு ஆயிலைத் தள்ளுது, அவ்வளவுதான். செலவே இல்லாத சோதனை, ஆனா இதைச் செஞ்சு பார்க்கிறவங்க குறைவு.

டேங்க் உள்ளே இருக்கிற ஃபில்டரை மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லைன்னா இன்னிக்கே மாத்துங்க. பெட்ரோல்ல கழுவி மறுபடி போடுற பழக்கம் எனக்குப் பிடிக்காது. பேப்பர் ஃபில்டர் கழுவுறதுக்கு உள்ளது இல்லை.

பெல்ட் பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னினா அது வழுக்குது. இறுக்கிப் பயன் இல்லை, மாத்துங்க.

சக்‌ஷன் ஓஸ்

நிதானமா வாசிக்க வேண்டிய இடம் இது. பிரஷர் லைன் கெட்டா ஆயில் வெளியே கொட்டும், எல்லாருக்கும் தெரியும். சக்‌ஷன் பக்கம் அப்படி இல்லை. பம்பு இழுக்கிறதால அந்த ஓஸ் உள்ளே அழுத்தம் வெளிக்காத்தை விடக் குறையும். கிளிப் லூஸா இருந்தா ஆயில் ஒழுகாம காத்துதான் உள்ளே போகும். தரையில ஒரு சொட்டு இருக்காது, ஓஸ் வெளியே புதுசு மாதிரி இருக்கும். அதனாலதான் இந்த ஓஸ் மேல யாருக்கும் சந்தேகமே வராது.

எங்க வண்டியில் முன்னாடி யாரோ ரேடியேட்டருக்குப் போடுற தண்ணி ஓஸை அங்கே மாட்டியிருந்தாங்க. அளவு கச்சிதமா பொருந்தும், விலையும் கம்மி. ஆனா அந்த ரப்பர் தண்ணிக்கு உள்ளது. ஆயில் பட்டா உள்பக்கம் ஊதும், மெத்துன்னு ஆகிடும். காலையில் ஆயில் குளிர்ச்சியா இருக்கும்போது ஓஸ் விறைப்பா நிக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறினதும் தளர்ந்து, பம்பு இழுக்கும்போது உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். நனைஞ்ச பேப்பர் ஸ்டிராவில் இளநீர் உறிஞ்சுற கதைதான்: பலமா உறிஞ்ச உறிஞ்ச ஸ்டிரா ஒட்டிக்கும். வண்டியை நிறுத்தினா இழுப்பு நின்னு ஓஸ் திரும்ப விரியும். சாயா குடிச்சிட்டு வந்ததும் ஸ்டியரிங் சரியாகுற ரகசியம் இதுதான். சரியான ஓஸிலும் வயசானா உள்தோல் உரிஞ்சு மடிப்பு மாதிரி வழியை அடைக்கும், அறிகுறி ஒண்ணுதான்.

பார்க்கிற முறை: கழட்டின டிராக் லிங்கை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, நல்லா ஓட்டிச் சூடாக்கிட்டு வாங்க. குளிர்ந்த வண்டியில இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஒருத்தர் கேபினில் ஏறி ஆர்.பி.எம். ஏத்தி ரெண்டு பக்கமும் திருப்பட்டும். நீங்க ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டத்துல நின்னு, டார்ச் அடிச்சு சக்‌ஷன் ஓஸின் வளைவைப் பாருங்க. குழிஞ்சா விஷயம் முடிஞ்சது. வெளியே குழியலைன்னா இன்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, கழட்டி, நீளவாக்கில் கத்தியால் கிழிங்க. உள்தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்க. சந்தேகத்துக்குரிய ஓஸைக் கிழிக்க யோசிக்கிறவங்க அதையே மறுபடி மாட்டிடுவாங்க.

புது ஓஸ் ஆயிலுக்குத் தாங்குற ரகமா, உள்ளே கம்பிச் சுருள் வச்சதா இருக்கணும். கடையில் "பவர் ஸ்டியரிங் சக்‌ஷன் ஓஸ்"னு கேளுங்க. தடிமன் மட்டும் காட்டிக் கேட்டா தண்ணி ஓஸ்தான் கிடைக்கும். கிளிப்பில் ஸ்க்ரூ வச்சுத் திருகுற பட்டைக் கிளிப் மட்டும்தான் என் பட்டியலில் உண்டு. கம்பிக் கிளிப் ரப்பரை ஒரு கோட்டில் வெட்டும். கட்டுக்கம்பி போட்டு முறுக்குறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்ல விரும்பலை.

காத்தை வெளியேத்துறது

முன் சக்கரத்தை மறுபடி தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. டேங்கை நிரப்பி, இன்ஜின் போடாம ஸ்டியரிங்கைப் பைய இந்த லாக்கில் (அதுக்கு மேல திரும்பாத கடைசி) இருந்து அந்த லாக் வரை திருப்புங்க. மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. அப்புறம் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு அதையே செய்யுங்க. ஃபுல் லாக்கில் அழுத்திப் பிடிக்காதீங்க. அங்கே பம்பு முழு அழுத்தத்துல நின்னு ஆயிலைக் கொதிக்க வைக்கும். நுரை அடங்குற வரைக்கும் அவசரப்படாதீங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் இறுகினா

பிரஷர் கேஜ் வேணும். சொந்தமா வாங்க வேண்டாம், டீசல் பம்பு வேலை பார்க்கிற கடையிலோ பெரிய பட்டறையிலோ இரவல் கிடைக்கும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவுல, வால்வு உள்ள கேஜை மாட்டுங்க. வால்வை மூடி 5 வினாடிக்குள்ள அளவைப் பார்த்துத் திறந்துடணும். பம்பு தகட்டில் எழுதியிருக்கிற அளவு வந்தா பம்பு நல்லது, பாக்ஸைப் பாருங்க. வரலைன்னா பம்பைத் தூக்கி எறியறதுக்கு முன்னாடி அதன் வால்வைக் கழட்டிக் கழுவிப் பாருங்க. துளையில் தன் எடையிலேயே வழுக்கி இறங்கணும். தூசியில் சிக்கி நிக்கிற வால்வும் வந்து வந்து போற கோளாறைக் கொடுக்கும். எமரி பேப்பர் பக்கம் போகாதீங்க.

பிரஷர் லைனில் கசிவைக் கையால் தடவித் தேடாதீங்க. ஊசித் துளையில் பீச்சுற ஆயில் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்க.

பின்சேர்க்கை

ஓஸ் மாத்தியும் நுரை நிக்கலைன்னு ஒரு குவாரி வண்டிக்காரர் எழுதியிருந்தார். டேங்க் மூடியில் காத்து போற சின்னத் துளை, பாறைத்தூசியில் மூடிக் கிடந்திருக்கு. ஆயில் இறங்கும்போது டேங்குக்குள்ளே காத்து வர வழியில்லைன்னா பம்பு திணறும். ஃபில்டர் மாத்தும்போதே மூடியையும் ஊதிப் பாருங்க.

இன்னொருத்தர் வண்டியில பெல்ட்டே இல்லை, பம்பு இன்ஜின் கியரில் ஓடுது. வெளியே கசிவு இல்லை, ஆனா வாரத்துக்கு வாரம் ஸ்டியரிங் ஆயில் குறையுது. இப்படிப்பட்ட வண்டியில பம்பு ஷாஃப்ட் சீல் போனா ஸ்டியரிங் ஆயில் நேரா இன்ஜினுக்குள்ளே இறங்கும். இன்ஜின் ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்க. ஊத்தாமலே மட்டம் ஏறியிருந்தா சீலை மாத்துங்க, கூடவே இன்ஜின் ஆயிலையும் மாத்திடுங்க.

கரண்ட் ஸ்டியரிங் உள்ள சின்ன லோடு வண்டிக்காரங்களும் கேக்கிறாங்க. அதில் ஆயிலே கிடையாது, ஆயில், பம்பு, ஓஸ் பத்தி மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பேட்டரி முனை, எர்த் வயர், ஆல்டர்னேட்டர் சார்ஜ் இந்த மூணையும் பார்த்துட்டு ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்க.