'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' படத்தை உறவுமுறை குழம்பாமல் பார்ப்பது எப்படி?

அனுராக் காஷ்யப் இயக்கி 2012-இல் வெளிவந்த இந்த இந்திப் படத்தை, யார் யாருக்கு மகன் என்பது பிடிபடாமல் பாதியில் நிறுத்தியவர்கள் பலரை அறிவேன். படம் கடினமானதன்று, மூன்று தலைமுறைப் பகையைச் சொல்லும் கதைக்குள் ஆயத்தம் இல்லாமல் நுழைவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

ஏறத்தாழ 5 மணி 20 நிமிடம் ஓடும் ஒரே படமாகவே இது எடுக்கப்பட்டது. பிரான்சின் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் முழுமையாகத் திரையிடப்பட்ட பின், இந்தியாவில் ஜூன் 22, ஆகஸ்ட் 8 என இரு பாகங்களாக வெளியானது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். வயதுவந்தோருக்கான சான்றிதழ் பெற்ற படம் என்பதால் சிறுவர்களை உடன் அமர்த்த வேண்டாம்.

பார்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் கான், குரேஷி, சிங் என்று மூன்று குடும்பங்களுக்கும் இடம் பிரித்துக்கொள்ளுங்கள். கான் பக்கத்தில் முதலில் ஷாஹித், அவருக்குக் கீழே மகன் சர்தார். சர்தாரின் பெயரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிய வேண்டும்: முதல் மனைவி நக்மாவின் கிளையில் தானிஷ், பைசல், பர்பெண்டிகுலர் ஆகியோரும், இரண்டாம் மனைவி துர்காவின் கிளையில் டெஃபினிட்டும் வருவார்கள். சிங் பக்கத்தில் ராமாதிரும் அவர் மகன் ஜே.பி.யும் போதும். குரேஷி பக்கத்தில் சுல்தானின் பெயரையும், அவ்வீட்டுப் பெண் ஷமா பர்வீனின் பெயரையும் எழுதி, ஷமாவிலிருந்து தானிஷுக்கு ஒரு கோடு இழுங்கள். பகை வீடுகள் இரண்டைத் திருமணத்தால் இணைக்கும் அந்த ஒற்றைக் கோடுதான் இரண்டாம் பாகத்தில் மிகுந்த வலியைத் தருகிறது. சர்தாரின் இரு கிளைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியும் அவ்வளவு முக்கியமானது. பழி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைக் கடைசிவரை மறவாதீர்கள்.

அடுத்து, நிலக்கரியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். கதை நிகழும் வாஸேபூரை உள்ளடக்கிய தன்பாத் இன்று ஜார்க்கண்டில் இருந்தாலும் 2000 நவம்பர் வரை பீகாரைச் சேர்ந்திருந்தது. ஆங்கிலேயருக்குப் பின் உள்நாட்டு முதலாளிகளின் கையில் இருந்த சுரங்கங்கள் 1970-களின் தொடக்கத்தில் நாட்டுடைமையாயின. அதன் பின்னர் அடியாட்களின் வருமானம் தொழிற்சங்கம், பழைய இரும்பு என்று வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. ஆவணக் காட்சிகளோடு, படத்தின் கதைசொல்லியான நாசிர் இதையெல்லாம் விவரிக்கும் தொடக்கப் பகுதியை ஓட்டித் தாண்டிவிடக் கூடாது. மகன்கள் எதற்காகச் சாகிறார்கள் என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

படத்தின் முதல் காட்சி 2004-இல் ஒரு வீட்டின் மீது நடக்கும் துப்பாக்கித் தாக்குதல். அதைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். வீட்டின் அமைப்பை மட்டும் மனத்தில் இருத்துங்கள். கதை உடனே 1941-க்குச் சென்றுவிடும். அந்தத் தாக்குதல் இரண்டாம் பாகத்தில்தான் மீண்டும் வரும். ஆண்டு திரையில் தோன்றும்போதெல்லாம் அதைத் தாளில் குறித்துக்கொண்டால், ஒரே பாத்திரம் வெவ்வேறு வயதில் வருவது குழப்பாது. சர்தாரைக் கண்டுகொள்வது எளிது. தந்தையின் சாவுக்குப் பழிதீர்க்கும்வரை முடி வளர்ப்பதில்லை என்ற சபதத்தால் மழித்த தலையோடு இருப்பார்.

தமிழ்ப் பார்வையாளர்கள் திரையில் வரும் பெயர்ப்பட்டியலையும் தவறவிடக் கூடாது. பாலா, அமீர், சசிகுமார் ஆகிய மூவருக்கும் காஷ்யப் அதில் நன்றி சொல்லியிருக்கிறார். துர்காவாக வருபவர் தமிழில் நாயகியாக நடித்த ரீமா சென்.

முதல் பாகம் முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்காமல், சிறுவன் பைசல் தன் தாயைப் பற்றிக் கண்டுவிடும் அந்த இரவுக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். கஞ்சாப் புகைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் இளைஞன், மறுநாள் மாலை நீங்கள் காணப்போகும் பைசலாக மாறுவதன் வேர் அந்த இரவில் இருக்கிறது.