ஏஏ கூட்டத்தைத் தேடி, உள்ளே போய் அமரும் வரை

குடியை நிறுத்த விரும்பி, குடிநோயாளர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (சுருக்கமாக ஏஏ) கூட்டத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்துவிட்ட ஒருவர், அக்கூட்டம் நடக்கும் அறையைக் கண்டுபிடித்து உள்ளே அமரும் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். சென்னையில் என் முதல் கூட்டத்தைத் தேடி இரண்டு மாலைகள் அலைந்து திரும்பினேன். மூன்றாம் முறைதான் சரியான கதவு கிடைத்தது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றோடு வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். முதல் மூன்று நான்கு நாட்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, வேறொரு மருத்துவரிடமோ போக வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. மருத்துவம் முடிந்து வீடு திரும்பியபின், குடிக்காமல் கழிக்க வேண்டிய மாலைகளுக்குத்தான் அது துணை.

படி 1: சரியான பெயரில் தேடுங்கள்

‘குடி மறுவாழ்வு’ என்று பொதுவாகத் தேடினால் முதலில் வருவன பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தங்கல் மையங்களின் விளம்பரங்களே. நானும் அப்படித் தேடி, ஒரு மையத்துக்குப் பேசி, அவர்கள் திரும்பத் திரும்ப வீட்டு முகவரியைக் கேட்டதில் அஞ்சி, ஒரு வாரம் தேடலையே விட்டுவிட்டேன். ஏஏ அத்தகைய மையம் அன்று. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதிலிருந்து வளர்ந்த தோழமை அமைப்பு அது. அதற்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. எனவே ‘ஏஏ இந்தியா’ என்று தேடி, அதன் சொந்த இணையதளத்துக்குப் போய், உங்கள் ஊர்க் குழுவின் தொடர்பு எண்ணை எடுங்கள். இணையம் பழகாதவர்கள் 14446 என்ற அரசின் கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணை அழைத்து வழி கேட்கலாம்.

படி 2: போவதற்கு முன் பேசிவிடுங்கள்

நான் இடறிய இடம் இதுதான். பட்டியலில் இடமும் நேரமும் இருந்தால் போதும் என்று நினைத்தேன். குழுக்களுக்குப் பொதுவாகச் சொந்தக் கட்டடம் இருப்பதில்லை. தேவாலய வளாகத்தின் ஒரு அறையிலோ பள்ளி வகுப்பறையிலோதான் பெரும்பாலும் கூடுகிறார்கள். வந்துபோகிறவர்களின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் வாசலில் பலகை இல்லாமலும் இருக்கலாம். முதல் மாலை அப்படியொரு வளாகத்தின் வாயிலில் நின்று, காவலாளியிடம் என்ன கூட்டம் என்று சொல்ல நா எழாமல் திரும்பினேன். அன்று இரவும் குடித்தேன். இரண்டாம் மாலை போன இடத்திலிருந்து குழு வேறு இடத்துக்கு மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மூன்றாம் முறை தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. “இன்னைக்குக் குடிச்சிருந்தாலும் பரவாயில்லை சார், வாங்க, பேசாம உட்கார்ந்து கேளுங்க” என்றார். தாமே பேருந்து நிறுத்தத்துக்கு வந்து அழைத்துப் போனார்.

ஆகவே பட்டியலை நேர அட்டவணையாகக் கொள்ளாமல், தொலைபேசி எண்ணுக்காக மட்டும் பயன்படுத்துங்கள். இன்று கூட்டம் உண்டா, எந்த வாயில், எந்த மாடி, தமிழில் நடக்கிறதா ஆங்கிலத்திலா என்று கேளுங்கள். திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பதையும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ உடன் வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். வாயிலில் யாராவது காத்திருப்பார்களா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். குறுஞ்செய்தியைவிட நேரடி அழைப்பையே நான் பரிந்துரைப்பேன். அந்தக் குரல் தரும் தைரியத்தை எழுத்து தருவதில்லை.

படி 3: உள்ளே

ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் அமர்ந்து கேட்டால் போதும். பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லை. காணிக்கைப் பை சுற்றி வந்தால் புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. புறப்படும் முன் இரண்டு பேரின் எண்களையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் இயல்பும் வேறு.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, கணவர் வர மறுத்தால் என்ன செய்வது என்று சில பெண்கள் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ 1951 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது; குடிப்பவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடியிலிருந்து மீள விரும்பும் பெண்கள், முதல் அழைப்பிலேயே ஒரு பெண் உறுப்பினரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஊரில் குழுவே இல்லை என்று எழுதியவர்களுக்கு: இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. அவற்றின் இணைப்பையும் நேரத்தையும் ஏஏ இணையதளத்தில் உள்ள தொடர்பு எண்ணில் கேட்டு வாங்கலாம். முதல் சில நாட்கள் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை.