டெண்டர் மதிப்பீட்டை எதிர்க்கக் கையில் இருப்பது 10 நாள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை தூண்டில் வளைவோ (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் அணை), மீன் ஏலக்கூடமோ, படகு அணையும் தளமோ கட்ட மாநில அரசுத் துறையோ உள்ளாட்சியோ டெண்டர் விட்டால் அதற்கு 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். அதன் 10ஆம் பிரிவின்படி டெண்டர் ஏற்கும் அதிகாரி பிறப்பித்த உத்தரவு தவறு என்று நினைத்தால், 11ஆம் பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள்தான் கெடு. மனு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் அரசு முடிவு சொல்ல வேண்டும்.

பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுவது தகவல் உரிமைச் சட்டத்தை நம்பித்தான். 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் பதிலுக்கு 30 நாள் ஆகும். அதற்குள் மேல்முறையீட்டுக் காலம் போய்விடும். தகவல் மனுவைப் போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இணையதளத்தில் வெளியாகும் தொழில்நுட்ப மதிப்பீட்டு முடிவையும் விலை ஒப்பீட்டையும் அன்றே பதிவிறக்கித் தேதியோடு வையுங்கள். உறை திறக்கும்போது நேரில் போனவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தகுதிச் சான்றுகள் அடங்கிய தொழில்நுட்ப உறையிலேயே தள்ளப்பட்டால், விலை உறை திறக்கும் முன்பே, முடிந்தால் அதே நாளில், எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விலை தெரிந்த பிறகு எழுதினால், தோற்றதால் எழுதுகிறார் என்றுதான் படிப்பார்கள்.

மேல்முறையீட்டு மனுவின் உயிர் ஓர் ஒப்பீட்டு அட்டவணை. டெண்டர் ஆவணத்தின் நிபந்தனை எண், நீங்கள் கொடுத்த சான்றின் பக்க எண், அதிகாரி சொன்ன காரணம், அதே நிபந்தனையில் மற்றவரை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான்கு நெடுவரிசை போதும். எடுத்துக்காட்டாக, ஆவணம் கடலில் கருங்கல் கொட்டிய அனுபவத்தைக் கேட்டிருக்கிறது. எதிராளியின் சாலைப் பாலச் சான்றை ஏற்று, உங்கள் தடுப்புச்சுவர்ச் சான்றைத் தள்ளியிருந்தால், அது வலுவான வாதம். ஆவணத்தில் இல்லாத தகுதியைப் பிறகு புகுத்துவதும், ஒரே குறையை ஒருவருக்கு மன்னித்து இன்னொருவருக்குக் காரணமாக்குவதும் அப்படியே. "என் விலைதான் குறைவு" என்பது மட்டும் போதாது: தகுதியில் தேறாதவரின் விலை கணக்கில் வராது.

டெண்டரோடு தராத சான்றை இப்போது இணைப்பதும், ஆதாரமில்லாமல் "லஞ்சம்" என்று எழுதுவதும் மனுவைப் பலவீனமாக்கும். உத்தரவிட்ட பொறியாளருக்கே மனுவை அனுப்பிவிட்டு மேல்முறையீடு செய்ததாக நினைக்காதீர்கள். அது சென்னையில் துறைச் செயலாளருக்குப் போக வேண்டும். விரைவுத் தபாலும் மின்னஞ்சலும் சேர்த்து அனுப்புங்கள். ராமேசுவரத்திலிருந்து தபால் போய்ச் சேரும் நாளையும் அந்தப் பத்துக்குள் எண்ணுங்கள். இடைக்காலத் தடையை அதே மனுவில் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள். டெண்டரின் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கச் சொன்னால் எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். காலாவதியான டெண்டரை வைத்து வாதாட இடமிருக்காது.

அரசும் கைவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை இன்றும் நிற்கிறது: நீதிபதிகள் மதிப்பெண்ணைத் திரும்பப் போடமாட்டார்கள், முடிவெடுத்த முறையில் சட்டமீறலோ பாரபட்சமோ உண்டா என்றே பார்ப்பார்கள். கட்டுமானப் பணிக்குத் தடை வாங்குவது இன்னும் கடினம். கடற்கரை வேலையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று துறை சொன்னால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. கல் கொட்டத் தொடங்கிவிட்டால் மனு பெரும்பாலும் இழப்பீட்டுப் பேச்சாகச் சுருங்கிவிடும். பணி ஆணைக்கு முன்பே போங்கள்.

டெண்டர் நிபந்தனையே ஒருவருக்காக வெட்டித் தைத்ததுபோல் இருந்தால், டெண்டர் போடும் முன்பே, டெண்டருக்கு முந்தைய கூட்டத்துக்கான கேள்வியாக எழுப்புங்கள். ஏற்றுக்கொண்டு போட்டுவிட்டுப் பிறகு நிபந்தனையைக் குறைசொன்னால் நீதிமன்றம் எளிதில் கேட்காது.

ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை போன்ற மத்திய அரசுப் பணிகளுக்கு இந்த 11ஆம் பிரிவு கிடையாது. அங்கே நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அந்த டெண்டர் ஆவணத்திலுள்ள குறைதீர்ப்பு வழியில் போக வேண்டும்.