பிட்ஸ்பர்க்கில் வீடு வாங்கும் முன்: பழைய உரிமையாளரின் வரி ரசீதை நம்பாதீர்கள்

பிட்ஸ்பர்க்கில் வேலை கிடைத்து வருகிற தமிழ்க் குடும்பங்கள் ஓராண்டுக்குள் வீடு பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. கலிபோர்னியாவிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ வருபவர்களுக்கு இங்குள்ள விலையைக் கண்டதும் கால் தரையில் பாவுவதில்லை. அந்த அவசரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் என் நெருங்கிய நண்பர். அவர் கட்டிய பணம் திரும்பி வரப்போவதில்லை. அடுத்து வருபவராவது தப்பட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், வீடு ஏன் மலிவு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 1950இல் இந்த நகரின் மக்கள்தொகை 6,76,806. 2020 கணக்கெடுப்பில் 3,02,971. 1980களில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது வேலை தேடும் வயதில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். பெற்றோர்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். அதனால் அமெரிக்காவின் பெரிய நகரப் பகுதிகளில் முதியோர் விகிதம் மிகுந்த இடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. பிறப்பைவிட இறப்பு கூடுதலாக இருப்பது இங்கே பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. நகரவாசிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர். நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர். ஆசியர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஆறு சதவீதம் அளவுதான். நகரில் ஒரு குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் 60,000 டாலரைச் சற்றுத் தாண்டும். மென்பொருள் துறைக்கோ மருத்துவமனைக்கோ வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே வாங்குவார்கள். யு.எஸ். ஸ்டீல் கோபுரத்தின் உச்சியில் இன்று ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர் ஒளிர்கிறது. இந்த ஊரின் வருமானம் எங்கிருந்து எங்கே போயிற்று என்பதற்கு அதுவே போதும்.

இந்த மக்கள்தொகைக் கதையை நான் வீணுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு வீடு விற்கப்போகிறவர் பெரும்பாலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்த முதியவராகவோ அவருடைய பிள்ளையாகவோ இருப்பார். பொறி அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

வாடகைக்குக் குடியேறும் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடலாம். சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு எங்கும் உள்ள வரிசைதான். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் முதலாண்டு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு மாதம்தான். காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால்தான் முப்பது நாளுக்குள் பணத்தையோ கழிவுப் பட்டியலையோ தரவேண்டிய கடமை வீட்டுக்காரர் மீது முழுமையாக விழும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது சொர்க்கம்.

வருமான வரியில் ஓர் எச்சரிக்கை. மாநில வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். இதற்கு மேல் உள்ளூர் வரி உண்டு. நகர எல்லைக்குள் வசித்தால் நகராட்சிக்கு 1, பள்ளிகளுக்கு 2 என மொத்தம் 3 சதவீதம். பெரும்பாலான புறநகர்களில் 1 சதவீதம்தான். ஒரு லட்சம் டாலர் சம்பளத்தில் இந்த வேறுபாடு ஆண்டுக்கு 2,000 டாலர். 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பில் போடுகிற தொகைக்கும் பென்சில்வேனியாவும் உள்ளூர் அமைப்புகளும் வரி பிடிக்கும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. வீடு மாறினால் அலுவலகத்தில் வசிப்பிடப் படிவத்தைப் புதுப்பியுங்கள். இல்லையென்றால் பழைய ஊருக்கே வரி போய்க்கொண்டிருக்கும், புதிய ஊர் நிலுவை கேட்டுக் கடிதம் அனுப்பும்.

இனி சொத்து வரி. நம் ஊரில் வீடு வாங்கினால் என்ன செய்வோம்? பத்திரம் பதிவான பிறகு மாநகராட்சியில் வரி ரசீதைப் பெயர் மாற்றம் செய்வோம். பரப்பளவும் தெருவும்தான் கணக்கு; வீடு கை மாறியது என்பதற்காக அரையாண்டு வரி உயராது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு விலையை எழுதிவிட்டு உண்மை விலை வேறாக இருப்பதையும் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ஏமாறுவீர்கள். இங்கே நீங்கள் கொடுத்த விலை டாலர் பிசகாமல் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) இணையதளத்தில் எல்லோர் கண்ணிலும் படும். அதை முதலில் படிப்பது, சொத்து வரியில் தனக்கென ஒரு பங்கு வாங்கும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம்.

பிட்ஸ்பர்க்கும் அதன் பெரும்பாலான புறநகர்களும் அடங்கிய அலெகேனி கவுண்டியில் எல்லா வீடுகளின் மதிப்பும் 2012ஆம் ஆண்டு நிலவரப்படி உறைந்து கிடக்கிறது. அதன்பின் பொது மறுமதிப்பீடு நடக்கவில்லை. ஆகவே, நெடுங்காலம் கை மாறாத வீட்டின் மதிப்பீட்டுத் தொகை மிகக் குறைவாக இருக்கும். விற்பனை விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் வரி அந்தக் குறைந்த தொகையின் மீது போட்ட வரி. விற்பவர் தகுதியுள்ள முதியவர் என்றால் கவுண்டி வரியில் 30 சதவீதத் தள்ளுபடியும் பெற்றிருக்கலாம். அந்தத் தள்ளுபடி அவரோடு போய்விடும்.

வீடு உங்கள் பெயருக்கு வந்த பிறகு, "இந்த வீட்டின் மதிப்பீடு போதாது" என்று மேல்முறையீடு செய்யும் உரிமை பென்சில்வேனியாவில் பள்ளி நிர்வாகத்துக்கு உண்டு. அவர்கள் கையில் இருக்கும் சான்று நீங்கள் கொடுத்த விலை. பக்கத்து வீட்டுக்காரரின் வீடும் அதே அளவு, அதே வயது. அவர் விற்கவில்லை, ஆகவே அவரை யாரும் தொடுவதில்லை. புதிதாக வந்தவர் வரி என்றே உள்ளூர்ப் பத்திரிகைகள் இதற்குப் பெயர் வைத்துவிட்டன. ஒரே தெருவில், ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு குடும்பங்களில் புதிதாக வந்த குடும்பம் மட்டும் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறது. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

என் நண்பர் கரூர்க்காரர். மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. 2020இல் வடக்குப் புறநகர் ஒன்றில் 3,80,000 டாலருக்கு வீடு வாங்கினார். அப்போது மதிப்பீடு 2,10,000. பள்ளி, கவுண்டி, ஊராட்சி மூன்றையும் சேர்த்து ஏறக்குறைய 29 மில்; அதாவது மதிப்பீட்டில் ஆயிரம் டாலருக்கு 29 டாலர் வரி. ஆண்டு வரி 6,090 டாலர் என்று வங்கியும் கணக்கிட்டது, தரகரும் தலையாட்டினார். மறு ஆண்டு மேல்முறையீட்டு வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கமான விளம்பரக் கடிதம் என்று எண்ணி மேசையிலேயே போட்டுவிட்டார். விசாரணை அவர் இல்லாமலே முடிந்து, மதிப்பீடு 3,20,000 ஆயிற்று. வரி 9,280 டாலர், அதுவும் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே.

"அண்ணா, வங்கிக்காரர்கள் கணக்கில் தவறு செய்திருக்கிறார்கள்" என்று என்னிடம் வந்தார். தவறு இல்லை. வரிக்காக மாதந்தோறும் வங்கி பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழுந்திருந்தது. கூடிய வரி மாதத்துக்கு 266 டாலர். பழைய பற்றாக்குறையை நிரப்ப மேலும் அதே அளவு. தவணை ஒரே மாதத்தில் 530 டாலருக்கு மேல் ஏறிவிட்டது. அந்த நேரம் அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். மகன் முகத்தைப் பார்த்து, வேலை போய்விட்டதோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மாவின் கலக்கத்துக்கு யாரிடம் போய் மேல்முறையீடு செய்வது?

பிறகு நிலைமை ஓரளவு மாறியது. இன்றைய விலையை 2012 மதிப்புக்கு இறக்கிக் கணக்கிட ஒரு விகிதம் உண்டு. காமன் லெவல் ரேஷியோ என்பார்கள். அதைக் கவுண்டி கணக்கிட்ட முறை தவறு என்று வீட்டு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் நீதிமன்றம் அந்த விகிதத்தை 81.1 சதவீதத்திலிருந்து 63.5 சதவீதமாகக் குறைத்தது. 2024 மேல்முறையீடுகளுக்கு அது 54.5 சதவீதமாக இறங்கியது. விகிதம் இறங்க இறங்க, உங்கள் விலையைக் காட்டி அவர்கள் ஏற்றக்கூடிய தொகையும் இறங்கும். நண்பர் இந்த முறை தாமே மேல்முறையீடு செய்து மதிப்பீட்டை 2,55,000க்குக் கொண்டுவந்தார். விகிதம் உயர்ந்திருந்த காலத்தில் வீடு வாங்கி, மதிப்பீடு ஏற்றப்பட்டவர்கள் இன்னும் சும்மா இருந்தால் உடனே கணக்கைப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய கணக்கு இதுதான். 4,00,000 டாலர் வீடு, இப்போதைய மதிப்பீடு 1,50,000, மொத்தம் 30 மில் என்று வையுங்கள். விளம்பரத்தில் வரி 4,500 டாலர் என்று இருக்கும். 4,00,000ஐ 54.5 சதவீதத்தால் பெருக்கினால் 2,18,000. அதற்கு வரி 6,540. உங்கள் வரவு செலவில் 6,540 என்றே எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 170 டாலர் கூடுதல். அது தாங்காது என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை. நீங்கள் வாங்கும் ஆண்டுக்கு எந்த விகிதம் என்பதையும் மில் அளவையும் மட்டும் அப்போதைய நிலவரப்படி எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டியே 2025இல் தன் பங்கை 4.73 மில்லிலிருந்து 6.43ஆக உயர்த்திவிட்டது.

தரகர் சொல்லாத இன்னொரு வழி உண்டு. கவுண்டி இணையதளத்தில் எந்த முகவரியை இட்டாலும் மதிப்பீடும் விற்பனை வரலாறும் இலவசமாகத் தெரியும். நீங்கள் விரும்பும் தெருவில் அண்மை ஆண்டுகளில் விற்ற நாலைந்து வீடுகளைத் தேடுங்கள். விற்ற மறு ஆண்டில் அவற்றின் மதிப்பீடு ஏறியிருந்தால் அந்தப் பள்ளி நிர்வாகம் துரத்துகிற வகை என்று தெரிந்துகொள்ளலாம். எல்லா நிர்வாகங்களும் ஒரே மாதிரி இல்லை. வாரியத்திலிருந்து கடிதம் வந்தால் விசாரணைக்கு நேரில் போங்கள். வீட்டில் பழுதுகள் இருந்தால் ஆய்வு அறிக்கையையும் படங்களையும் கொண்டுபோங்கள். முடிவு சரியில்லை என்றால் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

கவுண்டி எல்லையைத் தாண்டினால் கணக்கு வேறு. நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறும் கிரான்பெரி, பட்லர் கவுண்டியில் இருக்கிறது. அங்கே மதிப்பீட்டுக்கு அடிப்படை ஆண்டு 1969! தெற்கே வாஷிங்டன் கவுண்டி 2017இல் புதிதாக மதிப்பிட்டுவிட்டது. அங்கே விலைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு.

பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பல ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் வந்து தங்கிவிட்ட பெரியவர்களைச் சந்திக்கலாம். 1976இல் எழுந்த கோயில். நாட்டின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. மலைச்சரிவில் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே புளியோதரை வாங்கி உட்கார்ந்தால் ஊர் நினைவு தொண்டையை அடைக்கும். அந்தப் பெரியவர்கள் எந்த உதவி கேட்டாலும் செய்வார்கள். எனக்கு முதல் குளிர்காலத்துக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர்தான். ஆனால் சொத்து வரி பற்றி மட்டும் அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். அவர்கள் வீடு வாங்கியது எப்போதோ. 2012 மதிப்பீட்டிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள். "வரியெல்லாம் ஏறாது தம்பி" என்று மனதார நம்பித்தான் சொல்வார்கள்.

மற்றச் செலவுகளில் முக்கியமானவை இவை. நகர எல்லைக்குள் வாங்கினால் சொத்து மாற்ற வரி விலையில் 5 சதவீதம். பெரும்பாலான புறநகர்களில் 2 சதவீதம். வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதியாகப் பகிர்வார்கள். பழைய வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் சுடுமண்ணால் ஆனவை. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூமிக்கடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடுகின்றன, அவை இடிந்து நிலம் தாழ்ந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்காது. சுரங்கம் இடிந்து வரும் சேதத்துக்கு மாநில அரசே குறைந்த கட்டணத்தில் தனிக் காப்பீடு தருகிறது, எடுத்துவிடுங்கள்.

குடியேறியதும் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தை அனுப்புங்கள். சொந்தமாகக் குடியிருப்பவருக்குக் கவுண்டி வரிக்கான மதிப்பீட்டில் 18,000 டாலர் கழியும், பள்ளி வரியிலும் ஒரு கழிவு உண்டு. பழைய உரிமையாளரின் சலுகை தானாக உங்களுக்கு வராது. மார்ச் 1 கடைசி நாள், கட்டணம் கிடையாது. குடியேறிய முதல் மாதங்களில் அரசு முத்திரை போன்ற ஒன்றைப் போட்டு, உங்கள் பத்திர நகலுக்குப் பணம் கேட்டு ஒரு கடிதம் வரும். அது தனியார் வியாபாரம், கிழித்துப் போடலாம். மேல்முறையீட்டு வாரியத்தின் கடிதத்தை மட்டும் அன்றே பிரித்துப் படியுங்கள்.