தெர்மல் கேமராவில் மின் பேனலைச் சோதிப்பது எப்படி

சிவப்பாகத் தெரிந்தால் பழுது, நீலமாகத் தெரிந்தால் சரி என்று படத்தைப் படிக்காதீர்கள். ஆட்டோ ஸ்கேலில் (நிற வரம்பைத் தானே அமைத்துக்கொள்ளும் முறையில்) இருக்கும் கேமரா, காட்சியில் இருப்பதிலேயே சூடானதைச் சிவப்பாக்கிவிடும். அது வெறும் 32 டிகிரியாகக்கூட இருக்கலாம்.

முதலில் லோடைப் பாருங்கள். முழு லோடில் குறைந்தது 40 சதவீதமாவது ஓட வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அரை லோடில் 5 டிகிரி கூடுதலாகக் காட்டும் இணைப்பு முழு லோடில் 20 டிகிரியை நெருங்கலாம். படம் எடுத்த கையோடு கிளாம்ப் மீட்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவியில்) மூன்று பேஸின் ஆம்பியரையும் குறித்துவிடுங்கள். அது இல்லாத படத்தால் பயனில்லை.

கண்ணாடி, அக்ரிலிக் மூடி வழியாக அகச்சிவப்புக் கதிர் வராது. கேமரா காட்டுவது மூடியின் சூட்டைத்தான். அதனால் லோடு ஓடும்போதே மூடியைத் திறந்தாக வேண்டும். ஆர்க் பிளாஷ் (மின்பொறி வெடிப்பு) உயிரையே வாங்கிவிடும் என்பதால், பயிற்சி பெற்றவர் மட்டும், ஆர்க் உடையும் முகக்கவசமும் அணிந்து திறக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது எமிசிவிட்டிதான், அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன். கேமராவில் 0.95 வைத்திருப்போம்; பளபளக்கும் செம்பு பஸ்பாருக்கோ (பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் பட்டைக்கோ) 0.1கூட வராது. 80 டிகிரியில் கொதிக்கும் பாரை 40க்குள் காட்டிவிடும். எதிரே நிற்பவரின் உடல் சூடும் அதில் பிரதிபலிக்கும். ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். சூடான புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையை) விட்டுவிட்டு, அதை ஒட்டிய கேபிள் இன்சுலேஷனில் அளவெடுங்கள். அல்லது ஷட்டவுன் கிடைக்கும்போது பாரில் கறுப்பு பிவிசி டேப் ஒட்டிவைத்தால் அடுத்த முறை சரியான அளவு கிடைக்கும்.

320×240 கேமராவில் 24 டிகிரி லென்ஸ் இருந்தால், 1 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 1.3 மில்லிமீட்டர். நம்பகமான அளவுக்கு 3×3 பிக்சல், அதாவது 4 மில்லிமீட்டர் வேண்டும். 3 மீட்டர் தள்ளி நின்றால் சின்ன ஸ்குரூவின் சூடு பின்னணியோடு கலந்து குறைவாகத் தெரியும்.

லக்கில் உச்சமாகி, கேபிள் நெடுக மெல்லத் தணிந்தால் லூஸ் இணைப்பு. கேபிள் முழுக்க ஒரே சூடாக இருந்தால் ஓவர்லோடு அல்லது பேஸ்களுக்கிடையே சமமின்மை, ஆம்பியர் சொல்லிவிடும். ஒரு பேஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் பியூஸ் போயிருக்கலாம்.

ஒரே லோடில் பக்கத்து பேஸைவிட 15 டிகிரிக்கு மேல் கூடினால் உடனே ஷட்டவுன் கேளுங்கள். கருகிய லக்கை முறுக்கி மட்டும் விடாதீர்கள். வெட்டி, புது லக்கை நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து), டார்க் ரென்ச்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனரால்) குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். பழைய லோடு திரும்பியதும் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள்.